என் நாற்காலியில் உட்காராதவர்கள்

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றை என்னைப்போல் செய்ய அப்போது தூத்துக்குடியில் ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எழுபதுகளின் நடுவில், துறைமுகச் சாலையில் என் சலூனுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது. ஸ்டெப் கட்டிங்கும் தாடை வரைக்கும் இறங்கும் கிருதாவும் வந்த காலம். சினிமாப் பத்திரிகையில் ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, "இந்த மாதிரி வெட்டுங்க அண்ணாச்சி" என்பார்கள். "முடிய வெட்டிருவேன், மூஞ்சிக்கு எங்கன போக?" என்பேன். சிரித்துக்கொண்டே உட்காருவார்கள்.

அவர்கள் உட்கார்ந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொற்கைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் அப்பா அடைப்பப் பையில் கத்தியும் கத்தரியும் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் போய் முடி வெட்டினார். எந்த வீட்டிலும் அவர் முன்வாசல் வழியாகப் போனதில்லை. பின்பக்கம் மாட்டுத்தொழுவத்தை ஒட்டி வீட்டுக்காரர் மணை போட்டு உட்காருவார், அப்பா மண்ணில் குந்தியிருந்து வெட்டுவார். அரைஞாண் கயிறு மட்டும் கட்டிய பொடியன்கூட அவரை "ஏலே" என்றுதான் கூப்பிடுவான். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரியும். ஊரைவிட்டு வந்தபோது ஒன்றை முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். நான் யார் வீட்டுக்கும் போகமாட்டேன், முடி வளர்ந்தவன் என்னைத் தேடி வரட்டும்.

வந்தார்கள். உடைத்த கப்பல் ஒன்றிலிருந்து வந்த சுழல் நாற்காலியைப் பழைய இரும்புக் கடையில் பிடித்து, சிவப்பு ரெக்சின் தைத்துப் போட்டேன். எதிரே பெரிய கண்ணாடி மாட்டினேன். அதில் யார் உட்கார்ந்தாலும், அவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும், என் கை தொட்டால் தலையைச் சாய்த்துத்தான் ஆக வேண்டும். அந்தச் சந்தோஷத்தை வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்காரக் கூடாது என்று எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் லோடுமேன்களில் பாதிப்பேர் ஊர் ஒதுக்கிவைத்த சாதிக்காரர்கள். அவர்களில் யாராவது கடை வாசலுக்கு வந்தால், "கூட்டமா இருக்கு, பொறவு வா" என்பேன். பெஞ்சில் ஒருவர்கூட இல்லாதபோதும் இதையேதான் சொல்வேன். அவர்கள் காலியான பெஞ்சைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். துறைமுக வாசலுக்கு வெளியே உடைமர நிழலில் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்வார்கள். ஊரில் எல்லா சலூனிலும் அதுதான் வழக்கம். 'நாம என்ன புதுசாவா செய்யுதோம்' என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

புதுத் துறைமுகம் வந்த பிறகு கப்பல்கள் கரையிலேயே அணைந்தன. பாஸ் வாங்கிக்கொண்டு கப்பல்காரர்கள் ஊருக்குள் சுற்றினார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் வந்தால் பெட்டியிலிருந்து புது டவலை எடுத்து விரிப்பேன். அவன் போனபிறகு ஒரு வாரத்துக்கு அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் முற்பகலில் என் சலூன் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் என்றுதான் அவரைச் சொல்வோம். தானிய மொத்த வியாபாரி. அவர் மூட்டைகள் தினமும் துறைமுகத்தில் ஏறி இறங்கும். ஒரு பக்கக் கன்னம் முடிந்து மறுபக்கம் நுரையோடு இருந்தது. பெஞ்சில் ஒரு டேலி கிளார்க் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கப்பலில் ஏறி இறங்கும் சரக்கை எண்ணி எழுதுபவர், நாசரேத் பக்கத்துக்காரர், இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்போது வாசலில் ஓர் ஆப்பிரிக்க மாலுமி வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் காட்டி, இரண்டு விரலால் கத்தரிபோல் வெட்டிக் காட்டினார்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஐயோ, இவ்வளவு கறுப்பா என்று நினைத்தேன். இந்த முடியில் என்ன இருக்குமோ என்று அருவருத்தேன். இத்தனைக்கும் நான் அடுப்புக்கரி நிறம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வந்தாச்சா என்று என் எதிரிலேயே கேட்டவர்கள் உண்டு. வெட்டி முடித்ததும் முகத்துக்குப் பவுடர் அடிக்கும்போது "நல்லா அடிங்க அண்ணாச்சி, கொஞ்சம் வெளுப்பாத் தெரியட்டும்" என்று கேட்காத வாடிக்கையாளர் எனக்குக் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட நிறத்தில் இருந்துகொண்டு, என்னைவிட இரண்டு படி கூடுதல் கறுப்பாக ஒருவர் வந்ததும் நான் வெள்ளைக்காரனாகிவிட்டேன்.

கடைக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டார். "ஏலே, அந்தக் காப்பிரிய இங்கன உக்கார வச்சிராத. பொறவு நாங்க எப்படி உக்காருதது?" என்றார்.

"நோ, நோ. குளோஸ்" என்றேன் மாலுமியிடம், கையில் சவரக்கத்தியோடு.

அவர் கடைக்காரரின் பாதி நுரை முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை, போகவும் இல்லை. இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டேலி கிளார்க் பேப்பரை மடித்தார்.

"இவரும் ஒம்ம தொழில்தான்வே. டெக்குல வேல, ஆனா கப்பல்ல எல்லாருக்கும் முடி வெட்டுதது இவருதானாம். இவருக்கு வெட்டத்தான் ஆளில்லியாம். மூணு மாசமாச்சு, கரையில நல்ல கையாப் பாத்து வெட்டணும்னு இருந்தாராம்."

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தொழில்காரன் தலையைத் தொழில்காரன் திருப்பி அனுப்பக் கூடாது, அவனிடம் கூலியும் வாங்கக் கூடாது. தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாத தொழில் என்பதால் எந்தக் காலத்திலோ யாரோ செய்துவைத்த ஏற்பாடு. அதை மீறினால் எங்கள் ஆட்களிடம் தலைகாட்ட முடியாது. மீறாவிட்டால் கடைக்காரரின் பகை. இருதலைக் கொள்ளி எறும்பாக நின்றேன். கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்றைக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. மாலுமிக்குக் கையால் வழி காட்டி, கடையைச் சுற்றிப் பின்னால் போகச் சொன்னேன். கடைக்காரரின் சவரத்தை முடித்து அனுப்பிவிட்டு, ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்சந்துக்குப் போனேன்.

சாக்கடை ஓரத்தில் ஸ்டூலைப் போட்டேன். அவர் உட்கார்ந்தார். நான் எல்லாத் தலைக்கும் செய்வதைச் செய்தேன். தண்ணீர் அடித்து, சீப்பால் இழுத்து நீட்டி, விரலிடுக்கில் பிடித்து வெட்டினேன். சீப்பில் இரண்டு பல் உடைந்தது. அவர் பின்னால் திரும்பி, தண்ணீர்ப் புட்டியைக் காட்டி வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்கா சொல்லித்தருகிறாய் என்று தலையைப் பிடித்து நேராகத் திருப்பினேன். அரைமணியில் வேலை முடிந்தது. கடற்காற்று சந்துக்குள் வந்தது. முடி காய ஆரம்பித்தது. காயக் காய ஒவ்வொரு கற்றையும் உள்ளே சுருண்டு ஒவ்வோர் உயரத்தில் போய் நின்றது. ஓரிடம் பள்ளம், ஓரிடம் மேடு. இந்த ஊரின் முதல் கை என்று மார்தட்டிய நான் என் வாழ்நாளில் வெட்டியதிலேயே கேவலமான வெட்டு அதுதான்.

எட்டிப்பார்த்த டேலி கிளார்க், "என்னவே, தலையில உப்பளப் பாத்தி கட்டி வச்சிருக்கீரு?" என்றார்.

மாலுமி தலையைத் தடவிப் பார்த்தார். எழுந்து, சுவரில் தேடினார். பின்சந்தில் கண்ணாடி ஏது? கடையின் பின்கதவு திறந்திருந்தது. அதன் வழியே என் பெரிய கண்ணாடியும் அதன் முன்னால் காலியாக இருந்த சிவப்பு நாற்காலியும் தெரிந்தன. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாக ஏதோ பேசினார். நான் டேலி கிளார்க்கைக் கேட்டேன்.

"என்ன சொல்லுதாரு?"

"விடும்வே."

"சும்மா சொல்லும்."

"கப்பலுக்கு வந்த புதுசுல வெள்ளக்காரன் ஊர்த் தொறமுகம் ஒண்ணுல முடி வெட்டப் போனாராம். உள்ள நாலு பேரு உக்காந்திருக்கான், கட பூட்டியாச்சின்னு சொன்னானாம். இன்னொரு ஊர்ல பின்னால வான்னு சொல்லி ஸ்டூல் போட்டானாம். அது வெள்ளக்காரன் புத்தின்னு இவ்வளவு நாளும் நெனச்சிருந்தாராம். ஒரே நாள்ல ரெண்டையும் செஞ்சது நீருதான்னு சொல்லுதாரு."

என் காது சூடேறியது. மண்ணில் குந்தியிருந்த என் அப்பாதான் கண்முன் வந்தார். அவரை அங்கே குந்த வைத்தவர்களை நினைத்து இருபது வருடம் வயிறெரிந்தவன் நான். அவர்களாவது வேறு தொழில்காரர்கள். நானோ ஒரு முடிவெட்டுகிறவரையே, முடிவெட்டுகிறவனாக இருந்துகொண்டு, பின்பக்கம் சாக்கடை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டேன். அப்படி ஒரு வெட்கத்தை அதற்கு முன்பு நான் பட்டதில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழிலும் அதுவரை யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். வெள்ளைக்காரர்களுக்கென்று வைத்திருந்த டவலை எடுத்து விரித்தேன். பிறகு கத்தரியை அவரிடமே நீட்டினேன்.

அவர் சிரித்தார். தண்ணீர்ப் புட்டியை எடுத்துத் தள்ளி வைத்தார். முன்னந்தலையில் காய்ந்த முடியை விரலால் கோதி நிமிர்த்தி, தலைக்கு வெளியே ஒரு வளைவைக் கையால் வரைந்து காட்டி, அந்த வளைவுக்கு மேலே தெரிவதை மட்டும் நறுக்கினார். இரண்டு மூன்று முறை செய்துவிட்டுக் கத்தரியை என்னிடம் கொடுத்தார். எனக்கு அவ்வளவு போதும். கை அறிந்துகொண்டது. நெற்றியிலும் பிடரியிலும் சவரக்கத்தியால் கோடு இழுத்து முடித்தபோது, அந்தத் தலை உருட்டி எடுத்ததுபோல் இருந்தது. அவர் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்து, "மாஸ்டர்!" என்றார். அது எனக்கே புரிந்தது.

கூலி வாங்க மறுத்தேன். அவர் விடவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, என் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்து, அதே டவலைக் கழுத்தில் சுற்றி என் தலையைத் திருத்தினார். அருமையான கை. அந்த நாற்காலியில் வெட்டிக்கொள்ள நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாதித்துவிட்டேன், பெரிய மனிதனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலுமி கைகுலுக்கிவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. ஒரு லோடுமேன் மட்டும் நின்றார். தோளில் மூட்டை தூக்கும் கொக்கி தொங்கியது. பலமுறை நான் திருப்பி அனுப்பிய ஆள்.

"ஒண்ணு கேக்கலாமா அண்ணாச்சி? கடல் தாண்டி வந்தவருக்கு எடம் இருக்கு. நான் கூப்பிடு தூரத்துல இருக்கேன். நான் வாரப்ப மட்டும் ஏன் கூட்டமா இருக்கு?"

இதுவல்லவா நிஜமான கேள்வி! மாலுமி இரண்டு நாளில் கப்பலோடு போய்விடுவார். இவர் இங்கேயே இருப்பவர். இவரை உட்கார வைத்தால் நாளை பஜார் முழுக்கத் தெரியும். மூன்று நிமிடத்துக்கு முன்பு பெரிய மனிதனாக இருந்த நான், "நாளைக்கு வா" என்றேன்.

"சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவர் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் கடைக்காரர் ஒரு பாட்டில் பினாயிலோடு வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. "நாற்காலிய நல்லாக் கழுவு. இனிமே கண்ட கழுதய உக்கார வச்சா கடையக் காலி பண்ணிரு" என்று பாட்டிலை மேசையில் வைத்தார். நான் அந்தப் பாட்டிலையும் நாற்காலியையும் மாறிமாறிப் பார்த்தேன். எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். பயம் இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது, முக்கால்வாசி என்மேலேயே. பாட்டிலைத் திறக்காமல் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அந்த லோடுமேன் வரவில்லை. பத்து மணிவரை பார்த்துவிட்டு, கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுத் துறைமுக வாசலுக்கு நடந்தேன். முடி வெட்ட யாரையும் தேடிப் போகமாட்டேன் என்று வைராக்கியம் பேசியவன், உடைமரத்தடியில் போய் நின்றேன். அவர் அங்கே சாக்கின் மேல் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து வரச் சொன்னேன். வரலியே?"

"நாளைக்குன்னா எங்களுக்கு வேண்டாம்னு அர்த்தம் அண்ணாச்சி. பழக்கந்தான்."

"நாளைக்கின்னா இன்னைக்கித்தான். எந்திரிச்சி வாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தூக்குவாளியை மூடிவிட்டு எழுந்தார். அவரோடு இன்னும் ஆறேழு பேர் எழுந்தார்கள். அவ்வளவு பேரோடு துறைமுகச் சாலையில் நடந்து வந்தது எனக்கு இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. டீக்கடையில் கிளாஸ்கள் உதட்டுக்குப் போகாமல் நின்றன. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் நடந்தேன்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பாதி வெட்டியிருப்பேன். கடைக்காரர் வழக்கமான சவரத்துக்கு வந்தார். பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"எறங்கச் சொல்லுலே அவன."

"பாதி வெட்டுல எறக்குத வழக்கம் இந்தத் தொழில்ல இல்ல அண்ணாச்சி. உக்காருங்க. இவரு முடிஞ்சதும் வரிசையா வாரேன்."

"இந்த வாரமே கடையக் காலி பண்ணுதே."

"பண்ணுதேன். இவரு தலைய முடிச்சிட்டு."

லோடுமேன் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க அவரும் ஆயத்தப்படவில்லை. கடைக்காரர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியேறினார். அன்றே என் பழைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் நின்றுபோனார்கள். "ஒனக்கு எதுக்குப்பா வேண்டாத வேல?" என்று எங்கள் ஆட்களே வந்து திட்டினார்கள். நான் பெட்டியைக் கட்டத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் கடையைக் காலி செய்ய வேண்டிய நாளில் கடைக்காரர் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது. அவருடைய தானிய லாரிக்கு முன்னால் லோடுமேன்கள் கொக்கியைக் கீழே வைத்துவிட்டு நின்றிருக்கிறார்கள். "முடி வெட்ட எடமில்லாத ஊர்ல மூட்ட எறக்க மட்டும் எடமிருக்கோ?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றரை நாள் லாரி அப்படியே நின்றது. அதற்குமேல் அவரால் முடியவில்லை, என்னைக் காலி பண்ணச் சொல்லும் பேச்சையே விட்டுவிட்டார்.

போனவர்களில் பாதிப்பேர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஸ்டெப் கட்டிங் வேண்டுமென்றால் வேறெங்கே போவார்கள்! புதிதாக வந்தவர்கள் அதைவிட அதிகம். ஆப்பிரிக்கக் கப்பல்காரர்களும் ஒருவர் சொல்லி ஒருவர் தேடி வந்தார்கள். தண்ணீர் அடிக்காமல் வெட்டத் தெரிந்த சலூன் என்று எனக்குக் கடல் கடந்து பெயர் போனது. இரண்டாவது நாற்காலியும் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கடைக்காரர். இரண்டு மாதமாக வேறு கடையில் சவரம் செய்து முகமெல்லாம் கீறலோடு திரும்பியிருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் லோடுமேன்கள். பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாலும் எழுந்து போகவில்லை. நாற்காலியில் அந்த முதல் லோடுமேன். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"பாத்தீங்களா! இந்த ஊர்ல மொத மொத ஒங்களுக்கெல்லாம் எடம் குடுத்தவன் நான்தான்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"நீங்க எங்க குடுத்தீங்க அண்ணாச்சி? நாங்கல்லா வந்து உக்காந்தோம். வழி மறிச்சிக்கிட்டு நின்ன ஆளு நீங்க. கொஞ்சம் வெலகி நின்னீங்க, அம்புட்டுத்தான்."

கடை முழுக்கச் சிரித்தது. பேப்பருக்குப் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் அந்தக் கொஞ்சம் விலகி நின்றதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் வேறு எதிலும் கிடைத்ததில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. மீதி முடியை வெட்டி முடித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.